நாலு பேர் நடை

சென்ற வாரம் என் அக்காள் மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டேன். செல்போனில் வந்த செய்திதான். ஆனால் பழைய நாளில் நாலு பக்கக் கடிதத்தில் இருக்க வேண்டிய கோபம், தாபம், "மற்றவை நேரில்" எல்லாம் அதில் இருந்தன. ஆகவே கடிதம் என்றே வைத்துக் கொள்வோம்.

பெண் ஹாங்காங்கில் குடித்தனம் செய்கிறாள். கணவனுக்கும் அவளுக்கும் அங்கேதான் உத்தியோகம். அவளும் ஆபீஸ் சிநேகிதிகள் மூவருமாக, ஒரு தர்ம காரியத்துக்குப் பணம் திரட்டுவதற்காக 100 கிலோமீட்டர் நடக்கப் போகிறார்கள். பெயர் கொடுத்தாகிவிட்டது. புதுச் சப்பாத்தும் வாங்கியாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து ஊரிலிருந்து மாமனார் வந்து சேர்ந்திருக்கிறார்.

மாமனார் கெட்ட மனிதர் அல்ல. மருமகளைப் பெற்ற மகளைப் போலத்தான் நடத்துகிறார். ஆனால் ஒரு கேள்வி கேட்டால் கணக்கு வாத்தியார் மாதிரி கேட்பார்.

"ஏம்மா, ஏழைகளுக்கு உதவணும்னா பணத்தை அனுப்பிட்டு வீட்டிலே இரு. நீ ராத்திரி பகலா மலையிலே நடக்கிறதாலே யார் வயிறு நிறையப் போகுது? கால் வலிதானே மிச்சம்?"

பெண்ணுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "சித்தி, நீங்கள் குருவிகுளத்திலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தவர்கள் ஆயிற்றே! மாமாவுக்கு நீங்கள்தான் ஒரு பதில் எழுதித் தரவேண்டும்" என்று முடித்திருந்தாள்.

அந்தக் கடிதம் வந்தபோது நான் குருவிகுளத்தில்தான் இருந்தேன், அண்ணன் வீட்டில். சங்கரன்கோவில் பக்கம், தென்காசி ஜில்லாவில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. பட்டணத்து வாசகிகளுக்கு அடையாளம் சொல்வதானால், ஒரு பக்கம் கோமதியம்மன் ஆடித் தபசு பார்க்கப் போகிற சங்கரன்கோவில். இன்னொரு பக்கம் பங்குனி உத்திரத்துக்குப் போகிற கழுகுமலை. மழை பெய்தால் பருத்தியும் மக்காச் சோளமும் மிளகாயும் உண்டு. பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ் உண்டு. நடை என்பது அங்கே யாருக்கும் அதிசயம் இல்லை.

கடிதத்தை மதினியிடம் வாசித்துக் காட்டினேன். மதினி திண்ணையில் உட்கார்ந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக் கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, தன் இடது காலை ஒரு தரம் பார்த்துக் கொண்டாள். அப்புறம் சிரித்தாள்.

"நல்லா எழுது தாயி. ஆனா எல்லாத்தையும் எழுது" என்றாள்.

'எல்லாத்தையும்' என்று அவள் எதைச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அதை எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். ஆகவே முதலில் ஹாங்காங் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஹாங்காங் என்றதும் நமக்கு மாடி மேல் மாடியாகக் கட்டிடங்கள்தாம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊரில் மலையும் காடும் ஏராளம். அந்த மலைகளின் மேலே, கிழக்கே கடலோரத்தில் தொடங்கி மேற்கே போகும் 100 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை ஒன்றை 1979-இல் திறந்தார்கள். அப்போது கவர்னராக இருந்த மக்லிஹோஸ் என்பவருக்கு மலை ஏறுவதில் பிரியம். பாதைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அரைக் கிலோமீட்டருக்கு ஒரு கம்பம் நட்டு, மொத்தம் 200 கம்பங்களுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். வழியில் ஓரிடத்தில் குரங்குக் கூட்டமும் உண்டு. கையில் தின்பண்டப் பை இருந்தால் நம் ஊர்க் குரங்குக்கு அது ஒன்றும் இளைத்ததல்ல என்று பெண் எழுதியிருக்கிறாள்.

அந்த நாளில் ஹாங்காங்கில் பிரிட்டிஷ் ராணுவத்தைச் சேர்ந்த கூர்க்கா வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் தந்தித் தொடர்புப் படையினர் 1981-இல், பயிற்சிக்காகவும் தர்மத்துக்குப் பணம் சேர்க்கவும் இந்தப் பாதையில் ஒரு நடை ஏற்பாடு செய்தார்கள். 'டிரெயில்வாக்கர்' என்று பெயர். நன்றாக இருக்கிறதே என்று 1986-இல் பொது ஜனங்களையும் சேர்த்துக் கொண்டார்கள். ஆக்ஸ்ஃபாம் என்ற தர்ம ஸ்தாபனமும் கூடச் சேர்ந்து கொண்டது. 1942-இல், யுத்த காலத்தில், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்தார் சிலர் பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய ஸ்தாபனம் அது. 1997-இல் ஹாங்காங் சீனாவின் கைக்குப் போனது. கூர்க்காக்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். நடை மாத்திரம் நிற்கவில்லை. பல தேசங்களுக்குப் பரவியது. 2012-இல் நம் பெங்களூருக்கும் வந்தது.

இந்த நடைக்கு விதிகள் சில உண்டு. ஒரு குழுவுக்கு நாலு பேர். 100 கிலோமீட்டர். 48 மணி நேரம். நாலு பேரும் ஒன்றாகப் புறப்பட்டு, ஒன்றாக நடந்து, ஒன்றாகப் போய்ச் சேரவேண்டும் என்பதுதான் நோக்கம். "நான் கெட்டிக்காரி, முதலில் வந்துவிட்டேன்" என்று தனியே ஓடி வருகிறவளுக்கு அங்கே மாலை இல்லை.

நூறு கிலோமீட்டர் என்றதும் மலைக்கிறோம் அல்லவா? வீட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறை நாற்பத்தெட்டால் வகுத்தால் மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நம் பாட்டிமார்கள் கோயில் பிரகாரம் சுற்றுகிற வேகம்தான்! அப்படியானால் கஷ்டம் எங்கே இருக்கிறது? வேகத்தில் இல்லை. இரவில் தூக்கம் சொக்கும்போது, ஏற்றம் இறக்கத்தில், காலில் கொப்புளத்தோடு, கூட வருகிற மூன்று பேர் மேலும் எரிச்சல் வரும்போது, மேற்கொண்டு நடப்பதில்தான் இருக்கிறது.

சரி, மாமனாரின் கேள்விக்கு வருவோம். பணத்தை அனுப்பினால் போதாதா? ஏன் நடக்கவேண்டும்?

இந்தக் கேள்வியை நம் தேசத்தில் ஒருவரிடமும் கேட்டிருக்கலாம். அவர் வினோபா பாவே. 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி, தெலங்கானாவில் போச்சம்பள்ளி என்ற கிராமத்துக்கு அவர் கால்நடையாகப் போய்ச் சேர்ந்தார். அங்கே நிலமில்லாத ஹரிஜனக் குடும்பங்கள் நாற்பது, தங்களுக்கு 80 ஏக்கர் இருந்தால் பிழைத்துக் கொள்வோம் என்றன. சர்க்காருக்கு மனு எழுதலாம் என்று யோசித்த வினோபா, எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று கூட்டத்தில் இருந்தவர்களைப் பார்த்தே கேட்டார். ராமச்சந்திர ரெட்டி என்ற நிலச்சுவான்தார் எழுந்து நூறு ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூதான இயக்கம் அப்படித்தான் பிறந்தது.

அதற்குப் பிறகு பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வினோபா நடந்தார். விடிவதற்கு வெகு நேரம் முன்பே, லாந்தர் வெளிச்சத்தில், தொண்டர் குழுவோடு புறப்பட்டுவிடுவார். 1956, 57-ஆம் ஆண்டுகளில் நம் தமிழ்நாட்டிலும் நடந்து கன்னியாகுமரி வரை போனார். போன இடத்தில் எல்லாம், "உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக எண்ணி என் பங்கைக் கொடுங்கள்" என்ற கருத்தில் கேட்பார். பிச்சை அல்ல, பங்கு! மதுரைச் சீமையில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் போன்ற பெண்மணிகளும் கணவருடன் அந்த நடையில் சேர்ந்து கிராமம் கிராமமாகப் போனார்கள். மொத்தம் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக வந்தது என்பது சரித்திரம்.

இத்தனை நிலத்தையும் ஒரு கார்டு எழுதிப் போட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா? வாசலில் வந்து நிற்கிறவருடைய காலில் புழுதி இருக்கிறது. "இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாரே" என்று வீட்டுக்காரர் மனம் இளகுகிறது. பணத்தை அனுப்புகிற நமக்கு ரசீது கிடைக்கும். கேட்டு நடக்கிறவளுக்கோ, இதுவரை கொடுத்தே பழக்கமில்லாத பத்துப் பேரைக் கொடுக்க வைக்கிற பாக்கியம் கிடைக்கும். மாமனார் அவர்களே, உங்கள் மருமகள் நடப்பதால் அவள் பணம் மட்டுமல்ல, அவளுக்குத் தெரிந்த ஐம்பது பேர் பணமும் சேர்ந்து போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் பூதானத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. வந்த நிலத்தில் பெரும் பகுதி, உரியவர் கைக்குப் போய்ச் சேராமலே நின்று போயிற்று. சில நிலம் பாறையாக இருந்தது. சில நிலத்தில் வழக்கு இருந்தது. வாங்குவது ஒரு வேலை; கொண்டுபோய்ச் சேர்ப்பது அதைவிடப் பெரிய வேலை. ஆகவே நடந்து முடித்தவுடன் காலுக்கு வெந்நீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. யாரிடம் எவ்வளவு வாங்கினோம், எங்கே கட்டினோம், எந்தக் காரியத்துக்குப் போயிற்று என்று கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதிவிட வேண்டும். சப்பாத்துக்கும் பிரயாணத்துக்கும் ஆகும் செலவு சொந்தக் கையிலிருந்துதான். அதையும் தர்மப் பணத்தில் கழித்தால் அதற்கு உல்லாசப் பிரயாணம் என்று பெயர்.

இனி என் கதை. மதினி எழுதச் சொன்ன பகுதி.

பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு எங்கள் தெருவில், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற ஒரு தாயின் மகளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. சேர்வதற்குப் பதினைந்தாயிரம் ரூபாய் குறைந்தது. அது தை மாதம். ஊரிலிருந்து வழக்கம்போலத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரைக் கூட்டம் புறப்படுகிற சமயம். பச்சை உடுத்தி, வண்டியில் முருகன் படம் வைத்து, மைக் கட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டு போவார்களே, அந்தக் கூட்டம்தான். எங்கள் ஊரிலிருந்து செந்தூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். நாலு நாள் நடை.

"எப்படியும் நடக்கத்தானே போகிறோம். இந்தப் பெண்ணுக்காகவும் நடப்போமே!" என்று யோசனை சொன்னவள் நான்தான். நான், மதினி, எதிர்வீட்டு டீச்சரம்மா, தையல்காரப் பெண் ஒருத்தி, ஆக நாலு பேர். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வீதம், நூறு கிலோமீட்டர் வரையில், நடந்த தூரத்துக்குத் தருவதாகச் சொல்கிறவர்கள் அதில் பெயர் எழுதவேண்டும். இதுவும் என் மூளையில் உதித்ததுதான். எனக்கு அப்போது இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

டீச்சரம்மாவுக்கு 48 பெயர் சேர்ந்தது. எனக்கு 31. தையல்காரப் பெண்ணுக்கு 27. மதினிக்கு மாத்திரம் 72! ஊரில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் முதலில் போய் நிற்கிறவள் அவள்; அவளுக்கு இல்லை என்று யார் சொல்வார்கள்? மொத்தம் 178 பேர். எல்லோரும் முழுக்க நடந்தால் 17,800 ரூபாய். பெண்ணின் படிப்புக்குப் போக மிச்சமே இருக்கும்.

முதல் நாள் கழுகுமலை முருகனைக் கும்பிட்டுவிட்டு நடந்தோம். நான் வேகமாக நடக்கிறவள். சிறு வயதிலிருந்தே அப்படி. கூட்டத்தில் முன்னால் போவதில் எனக்கு ஒரு சந்தோஷம். மணிக்கு ஒரு தரம் நின்று, "என்ன மதினி, எல்லாம் சௌக்கியந்தானே?" என்று கையை ஆட்டுவேன். "ஒண்ணும் இல்ல, நீ முன்னால போ தாயி, நான் மெள்ள வாரேன்" என்பாள். நானும் போய்விடுவேன்.

மதினிக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. அது எனக்குத் தெரியும். சர்க்கரை வெகு நாள் இருந்தால் காலில் உணர்ச்சி குறையும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வேண்டுதல் என்று செருப்பில்லாமல் நடந்தாள். இரண்டாம் நாள் மத்தியான வெயிலில் தார் ரோடு கொதித்தபோது, எங்களுக்கெல்லாம் உள்ளங்கால் பொறுக்காமல் ஓரத்து மண்ணில் இறங்கினோம். அவளுக்கு அவ்வளவாகச் சுடவில்லை. அன்று சாயங்காலம் கால் கழுவும்போதுதான் பார்த்திருக்கிறாள். உள்ளங்காலில் பெரிய கொப்புளம். சுண்டு விரலடியில் தோல் கழன்று ஈரமாக இருந்திருக்கிறது. வலி கூட அதிகம் இல்லையாம். மஞ்சளைக் குழைத்துப் பூசி, பழைய துணியைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நடந்தாள். நாலாம் நாளும் நடந்தாள். தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டும்போது நான் எல்லோருக்கும் முன்னால் போய், "வந்தாச்சு, வந்தாச்சு!" என்று கூவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மதினி வெகு தூரத்தில், காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து வந்து கொண்டிருந்தாள். களைப்பு என்று நினைத்தேன். செந்தூரில் கடலில் இறங்கும்போதுதான் அந்தத் துணியை அவிழ்த்தாள். டீச்சரம்மா பார்த்துவிட்டு, "ஐயோ!" என்று தலையில் கை வைத்துக் கொண்டாள்.

ஊர் திரும்புவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இரண்டு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா, அம்மா?" என்று மாத்திரம் கேட்டார். இடது கால் சுண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. காலைக் காப்பாற்றியதே பெரிது என்றார்கள்.

பணம் 17,800-ம் வந்தது. பெண் படித்தாள்; இன்று நர்ஸாக இருக்கிறாள். மதினி காலுக்கு எங்காவது கீறல் என்றால் அவள்தான் ஓடி வந்து கட்டுப் போடுகிறாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இரவு மதினியிடம் கேட்டேன்: "ஏன் சொல்லவில்லை?"

மதினி எனக்கு ஒரு கணக்குச் சொன்னாள்.

"ரெண்டாம் நாள் சாயங்காலம் பாதி தூரம் வந்திருந்தோம்லா? நான் அங்ஙனயே நின்னுட்டா, எனக்குள்ள எழுபத்திரண்டு பேரும் அம்பது அம்பது ரூவாதானே தருவாக? மூவாயிரத்து அறுநூறு போயிரும். மிச்சம் பதினாலாயிரத்து இருநூறு. அந்தப் பிள்ளைக்கு எண்ணூறு ரூவா குறையுமே தாயி!"

எண்ணூறு ரூபாய்! கூட நடந்த கூட்டத்தில் யாரிடம் சொல்லியிருந்தாலும் மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்திருப்பார்கள். நானே கொடுத்திருப்பேன். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று கணக்கு வைத்த என் மூளையை அன்று எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை.

"என்னிடமாவது சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நீதான் முன்னால போயிட்டியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். சற்றுப் பொறுத்து, "வலிக்குதுன்னு சொல்லி எனக்குப் பழக்கமும் இல்ல" என்றாள்.

சகோதரிகளே, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த வாரம் இவ்வளவும் எழுதினேன். வீட்டில் காய்ச்சலோடு சமைக்கிறோம். இடுப்பு வலியோடு தண்ணீர்க் குடம் எடுக்கிறோம். "உனக்கு என்ன?" என்று யாராவது கேட்டால், "ஒன்றுமில்லை" என்கிறோம். அதற்குப் பொறுமை என்று பெயர் கொடுத்து, ஊரும் நம்மை மெச்சுகிறது. ஆனால் நாலு பேராகச் சேர்ந்து ஒரு காரியத்துக்குப் புறப்பட்ட பிறகு, வலியை ஒளிப்பது பொறுமை ஆகாது. கூட வருகிற மூவருக்கும் உண்மையை மறைப்பது ஆகிவிடுகிறது. அதே போல, முன்னால் போய்க்கொண்டு "சௌக்கியந்தானே?" என்று கையை ஆட்டுவதும் விசாரிப்பது ஆகாது. பக்கத்தில் வந்து, குனிந்து, காலைப் பார்த்துக் கேட்பதுதான் விசாரிப்பது.

அந்தக் கூர்க்கா வீரர்களுடைய நடையில் நாலு பேரும் சேர்ந்து வரவேண்டும் என்று வைத்தது ஏன் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. குழுவின் வேகம் என்பது, அதில் மெள்ள நடக்கிறவளின் வேகம்தான். அவளை முன்னால் விட்டு மற்றவர்கள் பின்னால் போனால் யாரும் தனியே விடப்பட மாட்டார்கள்.

இனி, அக்காள் மகளுக்கும், அவளைப் போலப் புறப்படப் போகிற பெண்களுக்கும் சில யோசனைகள்:

சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு எது இருந்தாலும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் எந்த வேண்டுதலுக்காகவும் வெறுங்காலோடு நடக்கவேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். தினமும் காலையும் மாலையும் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். குனிந்து பார்க்க முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம்.

சப்பாத்தைப் புதிதாகப் போட்டுக்கொண்டு புறப்படக் கூடாது. சில வாரங்களாவது போட்டு நடந்து பழக்கியிருக்க வேண்டும். நடக்க நடக்கப் பாதம் வீங்கும். ஆகவே விரல் நுனியில் சற்று இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கால் நகங்களைச் சில நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

கொப்புளம் உராய்வாலும் ஈரத்தாலும் வருவது. காலில் ஓரிடம் சுருக்கென்று சூடாகத் தெரிந்தால் உடனே நின்று, துடைத்து, பிளாஸ்திரி ஒட்டி, உலர்ந்த காலுறை மாற்ற வேண்டும். "அடுத்த இடத்தில் பார்த்துக் கொள்ளலாம்" என்றால் அடுத்த இடத்தில் கொப்புளம்தான் இருக்கும். ஊசியால் குத்துவது, மஞ்சள் அப்புவது இரண்டும் வேண்டாம்.

வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பது ஆபத்து. நம் வீட்டு நீர்மோரும் உப்புப் போட்ட கஞ்சியும் இதற்கு நல்லவை. ஹாங்காங்கில் மோர் கிடைக்காவிட்டால் உப்புப் பிஸ்கோத்தாவது கையில் இருக்கட்டும்.

நடக்காதவர்களையும் மறந்துவிடாதே. 1930-இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் நடந்தபோது, அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்தச் சோற்றை எந்தெந்த வீட்டில் யார் வடித்தார்களோ, அவர்கள் பெயர் சரித்திரத்தில் இல்லை. ஆனால் அவர்களும் அந்த நடையில் சேர்ந்தவர்கள்தாம். உன் மாமனாருக்கும் ஒரு வேலை கொடு. நடு ராத்திரியில், பாதி வழியில், பிளாஸ்கில் சூடான கஞ்சியோடு வந்து நிற்கச் சொல். அப்புறம் "ஏன் நடக்கிறாய்?" என்று கேட்கமாட்டார், "ஏன் இவ்வளவு தாமதம்?" என்றுதான் கேட்பார்.

கடைசியாக ஒன்று. பணம் கேட்கும்போது கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கேட்காதே. "நாங்கள் புறப்படுகிறோம், இந்தக் காரியத்துக்கு உங்களால் இயன்றதைக் கொடுங்கள்" என்று கேள். நடுவில் ஒருத்தி நின்றால் ஏழைக்குப் பணம் குறையும் என்ற நிலைமை இருந்தால், எந்தப் பெண்ணும் நிற்கமாட்டாள். நம்மவர்கள் குணம் அப்படி.

இவ்வளவும் எழுதி மதினிக்கு வாசித்துக் காட்டினேன். மிளகாய்க் காம்பு கிள்ளிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு நூறு ரூபாய் நோட்டை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டு வந்து என் கையில் வைத்தாள்.

"இதை எப்படி மதினி ஹாங்காங்குக்கு அனுப்புவது?" என்றேன்.

"அதெல்லாம் உன் பாடு. நாலு பிள்ளைகளும் சேந்து போய்ச் சேந்தா நூறு ரூவான்னு எழுது."

"சரி."

"எவளாவது ஒருத்தி, 'எனக்குக் காலு வலிக்குது, இதுக்கு மேல முடியாது'ன்னு வாய் தொறந்து சொல்லி, மத்த மூணு பேரும் அவளோட நின்னுட்டாகன்னா, இருநூறு ரூவா தாரேன்னு எழுது."

எழுதிவிட்டேன்.